தென்னை நிழலில் பாலக்கீரைக் காம்பு நீள்கிறது: விதையின் மரபா, இடத்தின் குணமா?

கன்னடியன் கரை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சேரன்மாதேவிக்கு அருகே கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் 30 சென்ட் நிலத்தில் கீரை பயிரிட்டு வருகிறேன். இரண்டு பருவமாக ஒரு சந்தேகம் என்னை விடவில்லை. ஒரே பையில் வந்த பாலக்கீரை விதையை ஒரே நாளில் இரண்டு இடங்களில் விதைத்தேன். ஒன்று வெயில் முழுவதும் விழும் திறந்த பாத்தி. மற்றொன்று தென்னை வரிசைகளுக்கு நடுவே உள்ள பாத்தி. உரமும் தண்ணீரும் இரண்டுக்கும் ஒன்றுதான். 35ஆம் நாள் அளவுகோலை வைத்து அளந்தபோது, வெயில் பாத்தியில் இலைக்காம்பு 8 அல்லது 9 சென்டிமீட்டர் இருந்தது. தென்னை நிழலில் எதுவும் 15க்குக் குறையவில்லை, சில 17ஐத் தொட்டன. நிழலில் வளர்ந்தவற்றின் இலைத்தாள் சிறுத்து வெளிறியிருந்தது. இலைகள் படர்ந்து கிடக்காமல், கை தூக்கி நிற்பதைப் போல நிமிர்ந்து நின்றன.

சந்தைக்குக் கொண்டுபோனால், வாங்க வரும் பெண்கள் கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, 'இலையைவிடக் காம்புதான் அதிகம்' என்று திரும்ப வைத்துவிடுகிறார்கள். விதை வாங்கிய கடையில் கேட்டதற்கு, அந்த விதையின் மரபே அப்படித்தான் என்றார்கள். மரபு என்றால் இரண்டு பாத்தியிலும் ஒரே மாதிரி வளர்ந்திருக்க வேண்டாமா? காம்பின் நீளத்தை மரபணு தீர்மானிக்கிறதா, நிழல் தீர்மானிக்கிறதா என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பாளை ஆசிரியர் எழுதியது:

தம்பி, பாளையங்கோட்டையில் தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். மரபணுவா நிழலா என்று நீங்கள் இரண்டாகப் பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். அது பிரிக்க முடியாத ஒன்று. நிழல் விழுந்திருக்கிறது என்பதைப் படித்தறியும் கருவியே மரபணு தருவதுதான். இரண்டு பாத்திச் செடிகளுக்கும் மரபணு ஒன்றே. படித்த செய்திதான் வேறு.

செடி நிழலை இருட்டின் அளவால் மட்டும் அறிவதில்லை, ஒளியின் நிறத்தால் அறிகிறது. பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்கிறது. அதற்கு அடுத்தாற்போல், நம் கண்ணுக்கு அநேகமாகப் புலப்படாத எல்லையில் இருக்கும் தூரச்சிவப்பு ஒளியை அது கிட்டத்தட்ட அப்படியே கடக்க விட்டுவிடுகிறது. திறந்த வெயிலில் தூரச்சிவப்பு ஒரு பங்கு என்றால் சிவப்பு ஏறத்தாழ 1.2 பங்கு இருக்கும். அடர்ந்த இலைக்கூட்டத்தின் கீழே அந்த விகிதம் 0.2க்கும் கீழே இறங்கிவிடக் கூடும். இந்த விகிதத்தை அளக்கும் நிறமிதான் ஃபைட்டோகுரோம். 660 நானோமீட்டர் அளவிலான சிவப்பு ஒளி பட்டால் அது செயல்படும் வடிவத்துக்கு மாறும். 730 நானோமீட்டர் அளவிலான தூரச்சிவப்பு பட்டால் செயலற்ற வடிவத்துக்குத் திரும்பும். அமெரிக்காவில் பெல்ட்ஸ்வில் என்ற ஊரில் இருந்த வேளாண் ஆய்வாளர்கள் 1952இல் லெட்யூஸ் என்ற கீரையின் விதைகளின் மேல் இந்த இரண்டு ஒளிகளையும் மாற்றி மாற்றிப் பாய்ச்சிப் பார்த்தார்கள். கடைசியாகப் பட்டது சிவப்பானால் விதை முளைத்தது, தூரச்சிவப்பானால் முளைக்கவில்லை. நிறமியையே 1959இல் கண்டறிந்தார்கள். காய்கறிப் பயிரில் தொடங்கிய கதை இது என்பதை வகுப்பில் நான் விடாமல் சொல்வதுண்டு.

உங்கள் தென்னைக்குக் கீழே வந்து விழும் ஒளியில் ஒரு பகுதி ஓலை வடிகட்டி அனுப்பிய ஒளி. 'மேலே ஒரு செடி இருக்கிறது, அதைத் தாண்டி வெளிச்சத்துக்குப் போ' என்று கீரை அதைப் புரிந்துகொள்கிறது. தண்டு நீளும் பயிர்கள் தண்டை நீட்டும். பாலக்குக்குப் பூக்கும் வரை தண்டு எழும்பாது. தரையோடு ஒட்டிய கொத்தாகவே இருக்கும். நீட்டுவதற்கு அதனிடம் இருப்பது காம்பு ஒன்றுதான்.

ஆலங்குளம் பொட்டல் எழுதியது:

அண்ணாச்சி சொன்னது புரிகிறது. ஆனால் எங்கள் பக்கம் மரமே இல்லாத செம்மண் காட்டில், வெட்ட வெளியில் விதைத்த கீரையும் சில நேரம் இப்படிக் காம்பு நீண்டு ஓடுகிறது. விதையைக் கைக்கணக்காக நெருக்கித் தூவிய இடங்களில்தான் அது நடக்கிறது. அங்கே எந்த இலையும் எந்த இலையையும் மூடுவதற்கு முன்பே, நான்கு இலைப் பருவத்திலேயே காம்பு நீளத் தொடங்கிவிடுகிறது. இன்னொன்று: குழித்தட்டில் வெள்ளரி நாற்று விடும் என் நண்பர் 50 சதவீதக் கறுப்பு நிழல்வலைக்குக் கீழே வளர்க்கிறார், ஒளி பாதியாகக் குறைந்தும் தென்னை நிழல் அளவுக்கு அங்கே நாற்று ஓடுவதில்லை. இவை இரண்டுக்கும் என்ன காரணம்?

பாளை ஆசிரியர் எழுதியது:

இரண்டுக்கும் விடை அந்த நிற விகிதம்தான். கறுப்பு வலை எல்லா நிறத்தையும் ஏறத்தாழ ஒரே அளவில் குறைக்கிறது. அளவு இறங்கினாலும் விகிதம் பெரிதாக மாறுவதில்லை. நெருக்கி விதைத்த பாத்தியில் நடப்பதோ வேறு. பக்கத்துச் செடியின் இலை தூரச்சிவப்பைக் கடத்துவதோடு பக்கவாட்டில் எதிரொளிக்கவும் செய்கிறது. நிழல் விழும் முன்பே அந்த எதிரொளியைக் கொண்டு அண்டை வீட்டுக்காரன் வளர்கிறான் என்று செடி அறிந்துகொள்கிறது. இதை 1990இல் அர்ஜென்டினா ஆய்வாளர்கள் நிறுவினார்கள். நீங்கள் நான்கு இலைப் பருவத்தில் கவனித்ததும் இதுவே. இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்ததற்கு மனமாரப் பாராட்டுகிறேன்.

இலைக்கணு எழுதியது:

தாவர மூலக்கூறு உயிரியலில் ஆய்வு செய்யும் மாணவி நான். சொந்த ஊர் அம்பாசமுத்திரம். ஆசிரியர் ஐயா ஃபைட்டோகுரோம் வரை கொண்டுவந்து விட்டார்கள். அதற்குப் பிறகு காம்புக்குள் மரபணுக்கள் என்ன செய்கின்றன என்பதை நான் எழுதுகிறேன். இதில் பெரும்பகுதி கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்ற சிறு களைச்செடியில் கண்டறியப்பட்டது. அதுவும் பாலக்கைப் போலவே தரையொட்டிய இலைக்கொத்துச் செடி என்பதால், காம்பைப் பற்றிப் படிக்க அதைவிடப் பொருத்தமான செடி கிடைக்காது.

அந்த நிறமியின் வகைகளில் ஒன்று ஃபைட்டோகுரோம் பி. வெயிலில் செயல்படும் வடிவத்தில் இருக்கும்போது அது உயிரணுவின் உட்கருவுக்குள் சென்று 'பிஃப்' என்று அழைக்கப்படும் புரதங்களைப் பிடித்து அடக்கி வைக்கிறது. பிஃப் புரதங்களின் வேலை வளர்ச்சி மரபணுக்களை முடுக்கிவிடுவது. அதாவது நீளும் ஆற்றல் காம்பில் எப்போதும் தயாராக இருக்கிறது. வெயில் அதன் மேல் தடையை அழுத்திப் பிடித்திருக்கிறது. நிழல் வந்ததும் ஃபைட்டோகுரோம் செயலிழக்கிறது, தடை தளர்கிறது. இந்தக் குடும்பத்தில் நிழலுக்கு மிக முக்கியமானது பிஃப் 7. அது விடுபட்டவுடன் யுக்கா என்ற மரபணுக் குழுவை இயக்குகிறது. யுக்கா மரபணுக்கள் தரும் நொதிகள் ஆக்ஸின் என்ற வளர்ச்சி ஊக்கியை உற்பத்தி செய்கின்றன. நிழல் விழுந்து ஒரு மணி நேரத்துக்குள் ஆக்ஸின் கூடிவிடுகிறது.

இங்கே நான் வியந்து நிற்கும் இடம் ஒன்று உண்டு. நிழலை உணர்வதில் இலைத்தாளுக்கும் காம்புக்கும் தனித்தனிப் பங்கு இருக்கிறது. 2017இல் வெளிவந்த ஆய்வுகளில் ஓர் இலையின் நுனியில் மட்டும் தூரச்சிவப்பைப் பாய்ச்சினார்கள். அதே இலையின் காம்பு அடியில் எழும்பி, இலை முழுவதும் மேல் நோக்கி உயர்ந்தது. பக்கத்து இலைகள் அசையவில்லை. நுனியில் உண்டான ஆக்ஸின் காம்பின் அடிவரை பயணம் செய்து, அங்கே கீழ்ப்புறத்து உயிரணுக்களை மேல்புறத்தவற்றைவிட அதிகமாக நீளச் செய்ததே காரணம். காம்பின் மேலேயே தூரச்சிவப்பைப் பாய்ச்சியபோதோ இலை எழும்பவில்லை, காம்பு நீண்டது. அண்ணாச்சியின் பாலக் 'கை தூக்கி நிற்பதைப் போல' நின்றதும் காம்பு 17 சென்டிமீட்டர் ஓடியதும் ஒன்றோடொன்று சேர்ந்து வரும் இரண்டு தனிச் செயல்கள்.

ஆக்ஸின் வந்ததும் காம்பின் உயிரணு எப்படி நீள்கிறது என்று கேட்கலாம். உயிரணுச் சுவர் கயிற்றால் வரிந்து கட்டிய பை போன்றது. உள்ளே நீரின் அழுத்தம் எப்போதும் முட்டிக்கொண்டிருக்கும். ஆக்ஸின் சுவர்ப்பகுதியை அமிலமாக்குகிறது; அந்த அமிலத்தில் எக்ஸ்பான்சின் என்ற புரதம் வேலை செய்து வரிகளை நெகிழ்த்துகிறது; நெகிழ்ந்த சுவரை நீர் தள்ளி நீட்டுகிறது. எக்ஸ்பான்சினை 1992இல் முதன்முதலில் பிரித்தெடுத்தது வெள்ளரி நாற்றின் இளந்தண்டிலிருந்துதான். நிழலில் ஓடிய காம்பு ஏன் நொய்ந்து எளிதில் முறிகிறது என்பதற்கும் இதில் பதில் இருக்கிறது: நீளத்துக்கு ஏற்ற அளவு சுவர் தடிப்பதில்லை.

ஆக்ஸின் தனியாக இதைச் செய்வதில்லை. ஜிப்ரலின் என்ற ஊக்கி இல்லாவிட்டால் டெல்லா என்ற புரதங்கள் வளர்ச்சியை மறித்து நிற்கும். ஜிப்ரலின் வந்தால் டெல்லா சிதைக்கப்படும். செலரி பயிரிடும் நாடுகளில் அறுவடைக்கு முன் ஜிப்ரலிக் அமிலம் தெளித்துக் காம்பை நீட்டுவது இந்த வழியில்தான். பிராசினோஸ்டீராய்டு என்ற ஊக்கியைத் தயாரிக்கும் மரபணுக்களில் ஒன்றான ரோட்டண்டிஃபோலியா 3 பழுதானால், காம்பும் இலையும் குட்டையாகிவிடும். இன்னொரு மரபணுவும் சொல்ல வேண்டியது. காம்பு காம்பாகவே இருக்க, அதன் ஓரத்தில் இலைத்தாள் முளைக்காமல் தடுக்க, பாப் 1, பாப் 2 என்ற இரண்டு மரபணுக்கள் தேவை. இரண்டும் பழுதான செடியில் காம்பின் இருபுறமும் இலைப்பச்சை சிறகாக விரிகிறது. நம் வீட்டு நாரத்தை இலையின் காம்பில் சிறகு போல ஒரு விரிவு இருக்குமே, அதை மனத்தில் கொண்டால் தோற்றம் விளங்கும்.

கன்னடியன் கரை எழுதியது:

தங்கச்சி, இரண்டு முறை படித்தேன். அப்படியானால் விதைக்கடையில் சொன்னது தவறு என்று தெளிவாகிறது. ஆனாலும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. சித்திரை மாதத்தில் திறந்த பாத்தியில், போதிய இடைவெளி விட்டிருந்தும் காம்பு 11, 12 வரை போனது. அங்கே நிழலும் இல்லை, நெருக்கமும் இல்லை. அது எதனால்?

இலைக்கணு எழுதியது:

வெப்பத்தால், அண்ணாச்சி. 2016இல் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஒரே முடிவுக்கு வந்தன: ஒளியை அறியும் அதே ஃபைட்டோகுரோம் பி வெப்பத்தையும் அறிகிறது. வெப்பம் கூடினால், செயல்படும் வடிவம் ஒளியின் தயவில்லாமலேயே விரைவாகச் செயலற்ற வடிவத்துக்குத் திரும்பிவிடும். அப்போது பிஃப் 4 விடுபடுகிறது. அராபிடாப்சிஸை 22 பாகையிலிருந்து 28 பாகைக்கு மாற்றினாலே காம்பு நீண்டு இலைகள் மேலெழும். நீண்ட காம்பு இலையைச் சுடும் மண்ணிலிருந்து தூக்கிப் பிடிக்கிறது. இலைகளுக்கிடையே காற்று ஓடி இலை குளிர்கிறது. நிழலில் நீளும் காம்பும் வெப்பத்தில் நீளும் காம்பும் ஒரே மரபணுப் பாதையின் இரண்டு வாசல்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் உங்கள் செடி செய்தது சரியான வேலை.

பாளை ஆசிரியர் எழுதியது:

இலைத்தாளுக்கும் காம்புக்கும் உள்ள உறவை வீட்டிலேயே பார்க்க விரும்புவோருக்கு ஒரு சோதனை. கோலியஸ் என்ற வண்ண இலைச்செடி ஒன்றில், காம்பை விட்டுவிட்டு இலைத்தாளை மட்டும் பிளேடால் நறுக்கிவிடுங்கள். சில நாட்களில் மொட்டைக் காம்பு மஞ்சளாகி, விரல் பட்டவுடன் கணுவோடு சுத்தமாகக் கழன்று விழும். நறுக்கிய நுனியில் ஆக்ஸின் கலந்த பசையைத் தடவினால் காம்பு விழாமல் தங்கும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஆண்டுதோறும் செய்துகாட்டுவோம். மொட்டைக் காம்பு உதிரும் இடத்தில் தெரியும் அந்த வழவழப்பான வடுவை மாணவர்கள் லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். மேலேயிருந்து ஆக்ஸின் வந்துகொண்டிருக்கும் வரைதான் காம்புக்கு உயிர்.

சேம்புப் படுகை எழுதியது:

நான் ஸ்ரீவைகுண்டம் பக்கம். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்து தாமிரபரணி கரை புரண்டதே, அப்போது எங்கள் கொல்லைத் தாழ்வில் இருந்த சேம்பு பல நாள் தண்ணீரில் நின்றது. பக்கத்தில் இருந்த கத்தரி முழுவதும் அழுகிவிட்டது. சேம்பின் பழைய இலைகள் மட்டும்தான் போயின. புதிதாக எழுந்த இலைகள், தண்ணீருக்கு மேலே தலை காட்டும் அளவுக்குக் காம்பை நீட்டிக்கொண்டு வந்தன. என் மாமியார் அந்தக் காம்பை நறுக்கிப் புளி விட்டுக் குழம்பு வைத்தார்கள். வழக்கமான காம்பைவிட உள்ளே பஞ்சு போலத் துளைகள் அதிகமாக இருந்ததாகச் சொன்னார்கள். இங்கே நிழலும் இல்லை, வெப்பமும் இல்லை. குளத்து ஆம்பலும் நீர் ஏற ஏறக் காம்பை நீட்டுகிறது. இதுவும் நீங்கள் சொல்லும் மரபணுக்கள்தானா, ஐயா?

பாளை ஆசிரியர் எழுதியது:

அருமையான கேள்வி, அம்மா. இங்கே தொடக்கம் வேறு, முடிவு அதே. நீருக்குள் வாயுக்கள் பரவும் வேகம் காற்றில் இருப்பதைப்போல ஏறத்தாழ 10,000இல் ஒரு பங்குதான். செடி எந்நேரமும் சிறிதளவு எத்திலீன் வாயுவை வெளிவிடுகிறது. மூழ்கியதும் அது வெளியேற வழியின்றி உள்ளேயே தேங்குகிறது. பழத்தைப் பழுக்க வைக்கும் அதே எத்திலீன்தான் 'நீ தண்ணீருக்குள் இருக்கிறாய்' என்ற செய்தியாகிறது.

நம் சுக்காங்கீரையின் பேரினத்தைச் சேர்ந்த ரூமெக்ஸ் பாலுஸ்ட்ரிஸ் என்ற சதுப்புநிலச் செடியில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் இதை அடிமுதல் நுனிவரை ஆராய்ந்திருக்கிறார்கள். எத்திலீன் தேங்கியதும் வளர்ச்சியைத் தடுக்கும் அப்சிசிக் அமிலம் சில மணி நேரத்தில் குறைகிறது, ஜிப்ரலின் கூடுகிறது, சுவர் அமிலமாகிறது, எக்ஸ்பான்சின் மரபணு முடுக்கப்படுகிறது, காம்பு முதலில் நிமிர்ந்து, பிறகு நீள்கிறது. கிடைமட்டமாகக் கிடக்கும் காம்பு நீண்டு பயனில்லை என்பதால் முதலில் நிமிர்கிறது. அந்த வரிசை எனக்கு எப்போதும் மெய்சிலிர்ப்பைத் தரும். அதே பேரினத்தில் மேட்டுநிலத்தில் வளரும் ரூமெக்ஸ் அசிட்டோசா என்ற உறவினம் மூழ்கினால் காம்பை நீட்டுவதில்லை. எத்திலீன் அதற்குள்ளும் தேங்கத்தான் செய்கிறது. உங்கள் மாமியார் கண்ட துளைகள் காற்றறைகள். மேலேயிருந்து வேருக்கும் கிழங்குக்கும் உயிர்வளி இறங்கும் வழி அவை. வெள்ளத்தில் நிற்கும் பல பயிர்களில் அவற்றைப் பெருகச் செய்வதும் எத்திலீனே.

ஆலங்குளம் பொட்டல் எழுதியது:

எல்லாம் சரி. நெருக்கி நட்டாலும் நீளாத காம்பு இருந்தால் ஏக்கருக்கு அதிகச் செடி வைக்கலாம் அல்லவா? அந்தத் தடையை மரபணுவிலேயே நிரந்தரமாகப் பூட்டி ஒரு ரகம் கொண்டுவர முடியாதா?

இலைக்கணு எழுதியது:

முயற்சிகள் நடந்திருக்கின்றன, அண்ணாச்சி. தடை இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதை முதலில் பாருங்கள். வெள்ளரியில் 'எல்.எச்.' என்ற திரிபு, அதாவது மரபணு மாறிப்போன வகை, உண்டு. அதில் ஃபைட்டோகுரோம் பி வகையைச் சேர்ந்த நிறமி இல்லை என்று 1992இல் கண்டார்கள். முழு வெயிலில் வைத்தாலும் அது நிழலில் நிற்பதைப் போலவே ஓடும். டர்னிப், சீன முட்டைக்கோஸ் ஆகியவற்றின் இனத்திலும் இத்தகைய திரிபு உண்டு. எதிர்த்திசையில், உருளைக்கிழங்கில் ஃபைட்டோகுரோம் பியை மிகுதியாகச் சுரக்கச் செய்தபோது, நெருக்கி நட்ட நிலத்தில் கிழங்கு விளைச்சல் கூடியதாக 2003இல் அறிவித்தார்கள். சோயாவில் காம்பு குட்டையான இயற்கைத் திரிபுகளையே கண்டெடுத்து வைத்திருக்கிறார்கள். வரிசைக்குள் வெளிச்சம் இறங்குவதற்கு அவை உதவும்.

ஆனால் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். கீரைக்கு முற்றிலும் பூட்டிய காம்பு நல்லதன்று. காம்பு நீளாத கொத்தில் மேல் இலை கீழ் இலையை மூடிவிடும். காற்று ஓடாத இடத்தில் இலைப்புள்ளி நோய் வரும். மேலும், ஃபைட்டோகுரோம் பி பூக்கும் காலத்திலும் கிளை விடுவதிலும் கை வைத்திருக்கிறது. காம்புக்காக அதைத் திருகினால் மற்றவையும் திரும்பும். காம்புக்கு மட்டும் உரிய மரபணுவைத் தேடிப் பிடிப்பதே பொறுமையான, சரியான வழி.

மனிதர்கள் இதை மரபணு என்ற சொல் தெரியாத காலத்திலேயே செய்திருக்கிறார்கள் என்பதையும் நினைக்க வேண்டும். நம் சந்தையில் பாலக் என்று விற்பது பெரும்பாலும் பீட்ரூட்டின் இனம். ஒரே கடற்கரைக் காட்டுச்செடியிலிருந்து கிழங்கு பருத்தவற்றைத் தேர்ந்தவர்கள் பீட்ரூட்டையும், இலை பெருத்தவற்றைத் தேர்ந்தவர்கள் பாலக்கையும், காம்பு அகன்றவற்றைத் தேர்ந்தவர்கள் சுவிஸ் சார்டையும் அடைந்தார்கள். சுவிஸ் சார்டை வாங்குபவர் காம்புக்காகவே வாங்குகிறார். நம் சந்தையில் குறையாகப் பார்க்கப்படும் அதே உறுப்பு அங்கே விலைபோகிறது.

கன்னடியன் கரை எழுதியது:

மூன்று மாதம் கழித்து இந்த இழைக்குத் திரும்பி வருகிறேன். உங்கள் அனைவருக்கும் என் நன்றி.

தென்னைக்கு இடையே பாலக் போடுவதை நிறுத்திவிட்டேன். ஸ்ரீவைகுண்டத்து அக்கா எழுதியதைப் படித்த பிறகு, அங்கே சேம்பு வைத்தேன். அதன் காம்பு நீண்டால் எனக்கு நட்டமில்லை, தண்டாகவே கட்டிக் கொடுக்கிறேன். பாலக்கைத் திறந்த பாத்தியில், தூவாமல், ஒரு சாண் இடைவெளியில் வரிசையாக ஊன்றினேன். விதை பழைய கடையில் வாங்கிய அதே ரகம்தான். 35ஆம் நாள் வரிசைக்கு ஐந்து செடி வீதம் அளந்ததில், காம்பு 8 முதல் 10 வரை நின்றது. இலை அகன்று கரும்பச்சையாக இருந்தது. மேற்கு வேலியை ஒட்டிய ஒரே வரிசையில் மட்டும் 13 வந்தது, இலைகளும் நிமிர்ந்திருந்தன. பிற்பகல் மூன்று மணிக்கு அங்கே போய் நின்று பார்த்தேன். வேலியில் இருக்கும் பூவரசின் நிழல் சரியாக அந்த வரிசையோடு முடிகிறது. பூவரசின் கிளைகளை இந்த வாரம் கழிக்கப் போகிறேன். அறுத்த தூரிலிருந்து அடுத்த தழை வந்ததும் அதே ஐந்து செடிகளை அளந்து இங்கே எழுதுகிறேன்.